சூரியத் தகடும் மாடித் தளமும்



தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ சொந்தமாக ஒரு வீடு அமைவது, பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நம்மவர்க்கு ஓர் ஆயுட்காலச் சேமிப்பின் பயன். அவ்வீட்டின் கூரை ஒழுகத் தொடங்கினால் அன்றிரவு உறக்கம் வருவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மாடியில் பொருத்திய சூரியத் தகடுகளாலும் வெந்நீர்க் கலங்களாலும் தளத்துக்கு நேரும் சேதத்தையும், அதைச் சீர்செய்யும் முறையையும் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

தேசிய சூரியசக்தி இயக்கம் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சூரிய வெந்நீர்ச் சாதனங்களோ பெங்களூர் போன்ற நகரங்களில் அதற்கு முன்பே மாடியேறிவிட்டன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதம மந்திரி சூர்ய கர்’ திட்டத்தின்கீழ் வீட்டுக் கூரைச் சாதனத்துக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. புதிய தகடுகள் ஏறிவரும் இந்நாளில், பழையவை தளத்தை என்ன செய்தன என்று அறிவது இரு சாராருக்கும் பயன்தரும்.

தொல்லையின் வேர் ஒரு வயது வேறுபாட்டில் இருக்கிறது. தகட்டின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். மாடித் தளத்தின்மேல் நீர் இறங்காமல் காக்கும் பூச்சோ, வெயிலிலும் மழையிலும் கிடந்து அதில் பாதிக் காலம்கூட நிலைப்பதில்லை. தகடு நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும்போதே, அதன் அடியிலுள்ள பூச்சு செத்துப் போகிறது. சட்டங்கள் மறைத்து நிற்பதால் அதைப் புதுப்பிக்க எவரும் முனைவதில்லை.

அடுத்தது, துளை. ஒரு தகட்டின் எடை இருபது கிலோவுக்குச் சற்று மேல். அந்த எடையால் கான்கிரீட் தளத்துக்குத் தீங்கில்லை. ஆனால் வட இந்தியக் கோடையின் புழுதிப் புயல் அடிக்கும்போது, விரித்த குடையைப் போல் அத்தகடு மேலே எழும்ப முயல்கிறது. அதைப் பிடித்து நிறுத்தவே சட்டத்தின் கால்களைத் தளத்தில் துளையிட்டு முடுக்குகிறார்கள். துளை காப்புப் பூச்சைக் கிழிக்கிறது. ஒவ்வொரு காற்றிலும் முடுக்கி சிறிதளவு ஆட, நீர் அதன் ஓரமாக இறங்கி உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை அடைகிறது. துருவேறிய கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளக்கும். முதலில் கூரையில் பழுப்பு நிறக் கறையும், பிறகு கம்பியின் நீளத்தில் வெடிப்பும் தோன்றி, இறுதியில் பூச்சு பாளம்பாளமாக விழும். கட்டிலின் மேலோ தொட்டிலின் மேலோ விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

தளத்துக்குள் இறங்கிய நீர் இறங்கிய இடத்திலேயே சொட்டுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கிழக்குத் தில்லியில் என் நண்பர் ஒருவர் வீட்டில், தாயாரின் படுக்கைக்கு நேர் மேலே ஒழுகிற்று. மாடியில் குடிநீர்த் தொட்டி வைத்திருந்த அண்டைக் குடும்பத்தார்மீது பழி விழுந்து, இரு வீடுகளுக்கும் பேச்சு நின்றுபோனது. நீர் தேக்கிச் சோதித்தபோதுதான், எட்டடி தள்ளி நின்ற பழைய வெந்நீர்க் கலத்தின் கால் துளையே காரணம் என்று தெரிந்தது. அந்தக் கலம் நண்பருடையதே.

இச்சோதனை எளிது. மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, ஐயப்படும் பகுதியைச் சுற்றிச் சிமெண்டுக் கலவையால் சிறு வரப்புக் கட்டி, ஓரங்குல நீரை 48 மணி நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பகுதி பகுதியாகச் செய்தால் குற்றவாளித் துளை அகப்படும். கீழே ஏற்கெனவே கம்பி வெளித்தெரியும் நிலையிலிருந்தால், நீர் தேக்குவதற்கு முன் பொறியாளரை அழைப்பதே தகும்.

சீர்செய்யும்போது முதல் எச்சரிக்கை மின்சாரத்தைப் பற்றியது. வெளிச்சம் படும்வரை தகடு மின்சாரத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கீழே இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டாலும் தகடுகளிலிருந்து வரும் கம்பிகளில் மின்னழுத்தம் இருக்கும். ஆகவே அவற்றைக் கழற்றும் பணியைக் கொத்தனாரிடம் விடாமல், பயிற்சி பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

தகடுகளையும் சட்டத்தையும் அகற்றிய பின், துளைகளை அகலப்படுத்தி, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, சுருங்காத சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். அதன்பின் தளம் முழுவதற்கும் காப்புப் பூச்சு இட வேண்டும். துளைகளுக்கு மட்டும் ஒட்டுப்போட்டு மூடினால் அடுத்த ஆண்டு வேறிடத்தில் ஒழுகும். நீர் வடியும் வாட்டத்தையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம். மீண்டும் தகடுகளை நிறுத்துங்கால், துளையிடாமல் கனமான கான்கிரீட் கட்டைகளின்மேல் நிறுத்தும் முறை உண்டு. கட்டைகளின் பாரத்தைத் தளம் தாங்குமா, அவை காற்றுக்கு ஈடுகொடுக்குமா என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அடியில் துடைப்பம் செல்லும் உயரமும் இருத்தல் நலம். சருகு தங்கினால் நீர் தங்கும்.

காலமறிந்து செய்வதும் முக்கியம். தில்லியில் ஜூன் மாத இறுதியில் பருவமழை வந்துவிடும். அதற்குள் பணி முடிய வேண்டும். ஊரில் உள்ள வீடாயின், ஐப்பசி மழைக்கு முன் முடித்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒப்பந்தத் தாளில் ‘உத்தரவாதம்’ என்ற ஒரே சொல் மூன்று பொருளில் வரும். தகட்டில் குறையிராது என்பது ஒன்று; 25 ஆண்டுகளுக்கு இன்ன அளவு மின்சாரம் தரும் என்பது மற்றொன்று; பொருத்திய வேலையில் பிழையிராது என்பது மூன்றாவது. கூரை ஒழுகலுக்கு உதவுவது மூன்றாவது மட்டுமே. அதன் காலமோ மிகக் குறுகியது. புதிதாகப் பொருத்துவோர், தளத்துக்குச் சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதைத் தனியே எழுதி வாங்குக. அடுக்கு வீடுகளில் மாடி பொதுவுடைமையாக இருக்குமாதலால் சங்கத்தின் எழுத்து மூலமான இசைவும் தேவை.

வழக்கு மூளுமாயின், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளியூரில் வாழ்வோர்க்குத் துணைநிற்கிறது. முறையிடுபவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் ஊரின் ஆணையத்திலேயே முறையிடலாம். மதுரை வீட்டுக்காகத் தில்லியில் மனுக்கொடுக்கலாம். காரணம் எழுந்த இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும் என்பதை மறவாதீர்கள். அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சேதத்தின் படங்களையும் ரசீதுகளையும் தேதியிட்டுச் சேமித்து வையுங்கள்.

உழைத்து ஓய்ந்த தகடுகளைக் காயலான் கடையில் போட வேண்டாம். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் அவற்றையும் உட்கொண்டுள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.

கதிரவன் தரும் மின்சாரம் வேண்டற்பாலதே. அதைத் தாங்கும் தளத்தை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும், மாடியேறி ஒரு கால்மணி நேரம் பார்த்து வந்தால் போதும். பெருஞ்செலவு பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.