இரண்டு வீதிகள், பல முதலாளிகள்: ஒஷாவா பஸ்களின் கதை

இன்று ஒஷாவாவில் ஓடுகிற பஸ்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று 900. ஒஷாவா நகர மையத்திலிருந்து மேற்கே விட்பி, ஏஜாக்ஸ், பிக்கரிங் என்று இரண்டாம் நெடுஞ்சாலை வழியாகப் போய் ஸ்காபரோவில் இறக்கிவிடும். மற்றது 901. இது சிம்கோ வீதியில் தெற்கு வடக்காக ஓடும், வடக்கே ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகமும் டர்ஹம் கல்லூரியும் இருக்கின்றன. ஸ்காபரோவில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு 900 பழக்கம். படிக்கிற பிள்ளைகளுக்கு 901 பழக்கம்.

இந்த இரண்டு தடங்களையும் டர்ஹம் பஸ் நிர்வாகம்தான் ஏதோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து வரைந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பஸ் என்ற ஒன்று பிறக்குமுன்பே இரண்டும் போடப்பட்டுவிட்டன. கொம்பனி மாறியது, வண்டி மாறியது, இலக்கம் மாறியது. தடம் மட்டும் அசையவில்லை. அது ஏன் என்பதுதான் இன்றைய கதை.

முதலில் கிழக்கு மேற்கு வீதி. 1799 இல் ஏசா டான்ஃபோர்த் என்ற ஒப்பந்தக்காரர், அப்போது யோர்க் என்று அழைக்கப்பட்ட ரொறன்ரோவிலிருந்து கிழக்கே காட்டை வெட்டிப் பாதை போடத் தொடங்கினார். பிறகு அது திருத்தப்பட்டு, சில இடங்களில் வளைவுகள் மாறி, கிங்ஸ்டன் வீதியாயிற்று; 900 ஓடுகிற இரண்டாம் நெடுஞ்சாலை அதுதான். 1830களில் கோபர்க் ஊர்க்காரரான வில்லியம் வெல்லர் அந்த வீதியில் தபாலும் ஆட்களும் ஏற்றிக் குதிரை வண்டிச் சேவை நடத்தினார். நேர அட்டவணை, கட்டணம், இடைத்தரிப்பு எல்லாம் அதில் இருந்தன. 900 இன் பாட்டன் என்று அந்த வண்டியைச் சொல்லலாம். அந்த வீதியை ஏரிப்பக்கம் போகிற ஒரு பாதை குறுக்கே வெட்டிய சந்தியில் ஸ்கே என்பவர் கடை வைத்திருந்தார். அதனால் அந்த இடத்துக்கு ‘ஸ்கேஸ் கோர்னர்ஸ்’ என்று பெயர். 1842 இல் தபாற்கந்தோர் வந்தபோதுதான் ஒஷாவா என்ற பெயர் வந்தது. அதே வீதியின் ஒஷாவாத் துண்டான கிங் வீதியும் சிம்கோ வீதியும் சந்திக்கிற அந்த நாற்சந்திதான் ஸ்கேயின் கடைச் சந்தி.

இனித் தெற்கு வடக்கு. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. 1856 இல் ரொறன்ரோவையும் மொன்றியலையும் இணைத்து கிராண்ட் ட்ரங்க் ரயில் பாதை திறக்கப்பட்டது. ரயில்காரருக்கு ஊர் முக்கியமில்லை, நேரான மட்டமான நிலம்தான் முக்கியம். அதனால் பாதை ஏரிக்கரையை ஒட்டிப் போயிற்று. ஒஷாவா ரயில் நிலையம் நாற்சந்தியிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்கும் மேல் தெற்கே அமைந்தது. நீங்கள் கொழும்பு ரயிலில் வந்து இறங்கிச் சந்தைக்கு நடந்துபோகிற யாழ்ப்பாணத்தை நினைத்தால் இது விளங்காது. மாசி மாதத்துப் பனியில் பெட்டியும் கையுமாக இரண்டு கிலோமீற்றர் என்று யோசித்துப் பாருங்கோ.

ஆட்கள் எப்படியோ சமாளித்தார்கள். சரக்குக்குத்தான் பெரிய பிரச்சினை. 1876 இல் ரொபர்ட் மக்லாஃப்லின் தன்னுடைய குதிரை வண்டித் தொழிற்சாலையை எனிஸ்கில்லன் என்ற சிற்றூரிலிருந்து ஒஷாவாவுக்குக் கொண்டுவந்தார். செய்த வண்டிகளை ரயிலில் ஏற்றுவதென்றால், ஊருக்குள்ளிருந்து நிலையம் வரை அவற்றைக் கொண்டுபோக வேண்டும். ஆக, ஊருக்கும் நிலையத்துக்கும் நடுவே ஒரு தண்டவாளம் தேவைப்பட்டது. அதற்கான கொம்பனி 1887 இல் பதிவாகியது. 1895 இல் சிம்கோ வீதி வழியாக மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. பணமும் நிர்வாகமும் டெசெரொன்ரோ ஊர் மர வியாபாரிகளான ராத்பன் குடும்பத்துக் கொம்பனியுடையவை. அதே 1895 இல்தான் மதராசிலும் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. சென்னைக்கும் ஒஷாவாவுக்கும் இப்படியொரு சகவயதுச் சொந்தம் இருப்பது எனக்குப் பிடித்த விசயம். மதராஸ் ட்ராம் 1953 வரை தாக்குப்பிடித்தது, இங்கே அவ்வளவு காலம் இல்லை.

ஒஷாவா ரெயில்வே என்ற அந்தக் கொம்பனியின் விசேசம் என்னவென்றால், பயணிகளை ஏற்றிய அதே கொம்பனி ஊர் நடுவே சரக்குப் பெட்டிகளையும் இழுத்தது. மின்சார எஞ்சின் ஒன்று வீதியோரமாகத் தொழிற்சாலை வாசல் வரை பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். மக்லாஃப்லின் தொழிற்சாலை 1907 இல் கார் செய்யத் தொடங்கி, 1918 இல் கனடா ஜெனரல் மோட்டர்ஸ் ஆனபோது அந்தச் சரக்கு பெருகியது. ட்ராம் கொம்பனியும் முதலில் கிராண்ட் ட்ரங்க் கைக்கும், 1923 இல் கிராண்ட் ட்ரங்க் கனேடியத் தேசிய ரயில்வேயோடு சேர்ந்தபோது அதன் கைக்கும் போனது. பெரிய ரயில் கொம்பனி ஒன்று சின்ன ஊர் ட்ராமை ஏன் விடாமல் வைத்திருந்தது என்றால், ஆட்களின் ரிக்கற் காசுக்காக இல்லை, ஜி.எம். சரக்குக்காக.

அதனால்தான் 1940 இன் தொடக்கத்தில் பயணிகள் ட்ராம் நின்றபோது தண்டவாளம் பிடுங்கப்படவில்லை. ஆட்களை பஸ்ஸுக்கு மாற்றினார்கள், சரக்கு 1960கள் வரை மின்கம்பிக்குக் கீழேதான் ஓடியது. பஸ்ஸையும் அதே ரயில் கொம்பனிதான் நடத்தியது. ட்ராம் போன வழியை ஒட்டித்தான் பஸ் போனது, ஏனென்றால் இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் வீடும் கடையும் அந்தத் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் முளைத்திருந்தன. அந்தப் பழைய ரயில் தடத்தின் ஒரு பகுதி இப்போது மைக்கல் ஸ்டார் நடைபாதை. ஸ்டார் ஒஷாவா மேயராக இருந்து, பிறகு கூட்டாட்சி அரசில் தொழில் அமைச்சரானவர். சைக்கிள் ஓடுகிறவர்கள் அடுத்த முறை அந்த வளைவுகளைக் கவனியுங்கோ. சைக்கிளுக்கு அவ்வளவு மெதுவான வளைவு தேவையில்லை, சரக்குப் பெட்டிகளுக்குத்தான் தேவை.

கிழக்கு மேற்காக ஒரு மின்சார ரயிலுக்கும் ஆசைப்பட்டார்கள். ரொறன்ரோ ஈஸ்ரேண் ரெயில்வே என்ற கொம்பனி ரொறன்ரோவிலிருந்து ஒஷாவா வழியாக போமன்வில் வரை பாதை போடப் புறப்பட்டது. முதலாம் உலகப்போருக்குச் சற்று முன் விட்பிக்கும் போமன்வில்லுக்கும் இடையே தண்டவாளம்கூட இறக்கினார்கள். பிறகு காசும் போரும் குறுக்கிட, ஒரு பயணியும் ஏறாமலே அது பிடுங்கப்பட்டது. அது ஓடியிருந்தால் இன்றைக்கு நாங்கள் ஏஜாக்ஸ் போகிற விதமே வேறாக இருந்திருக்கும்.

1947 இல் ஸ்காபரோவின் ஹைலண்ட் கிறீக்கிலிருந்து ஒஷாவா வரை அதிவேக வீதி திறந்தது. பின்னாளில் 401 ஆன வீதியின் ஆரம்பத் துண்டுகளில் அதுவும் ஒன்று. 1956 இல் நாற்சந்திக்கு மேற்கே, நிறைய வாகனத் தரிப்பிடத்தோடு ஒஷாவா சென்ரர் திறந்தது. ஊருக்கே சோறு போடுவது கார். கார் செய்கிறவன் காரில் போகாமல் வேறு யார் போவது? ரயில் கொம்பனிக்கு பஸ்ஸில் அக்கறை குறைந்துகொண்டே போய், 1960 இல் நகரத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணைக்குழு பஸ்களைப் பொறுப்பேற்றது. மின்சாரமும் தண்ணீரும் கொடுக்கிற கந்தோர் பஸ்ஸும் ஓட்டியது. இன்றைக்குக் கேட்க விசித்திரம்தான். ஆனாலும் குழாய்த் தண்ணீரைப் போல பஸ்ஸும் ஊருக்கு வேண்டிய சேவை என்று எண்ணிய நிர்வாகத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

அடுத்த நாற்பது ஆண்டுகளின் நகர விரிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஊர் கட்டம் கட்டமாக இருந்தது. புதிய குடியிருப்புகள் வளைந்து வளைந்து, முட்டுச்சந்துகளாக வந்தன. அப்படியான இடத்துக்குள் பஸ் போனால் சுற்றித்தான் வரவேண்டும். சுற்றினால் நேரம் போகும், நேரம் போனால் ஆள் ஏறாது, ஆள் ஏறாவிட்டால் பஸ் குறையும்.

சரி, ஊருக்குள் இப்படி. ஊர் விட்டு ஊர் போவதற்கு?

1967 மே 23 இல் ரொறன்ரோப் புறநகர்களுக்கான கோ ரயில் தொடங்கியபோது அதன் கிழக்கு முனை பிக்கரிங். ஒஷாவாவுக்கு ரயில் இல்லை. 1970 செப்ரெம்பரில் கோ தன்னுடைய முதல் பஸ் சேவைகளை ஆரம்பித்தபோது, பிக்கரிங்கிலிருந்து ஒஷாவா வரை ஓடியது அவற்றில் ஒன்று. அதாவது ரயிலின் மிச்சத் தூரத்தை பஸ் ஓடி நிரப்பியது. 1980களின் முதற்பாதியில் தனித் தண்டவாளத்தில் ஒரு நவீன ரயிலை ஒஷாவாவுக்குக் கொண்டுவரப் பெரிய திட்டம் போட்டு, 1985 இல் கைவிட்டார்கள். சாதாரணக் கோ ரயில் 1988 இல் விட்பிக்கு வந்து, 1995 இல்தான் ஒஷாவாவை எட்டியது. அந்த நிலையமும் நாற்சந்திக்குத் தொலைவில், தென்மேற்கே. 1856 இல் வந்த அதே சிக்கல் திரும்பவும்.

ஆனால் தூரத்தைவிட மோசமான தடை ஒன்று இருந்தது: நகராட்சி எல்லை. பிக்கரிங்குக்கு ஒரு பஸ் நிறுவனம், ஏஜாக்ஸுக்கு ஒன்று, விட்பிக்கு ஒன்று, ஒஷாவாவுக்கு ஒன்று. 1974 ஜனவரி 1 இல் இந்த ஊர்களையெல்லாம் சேர்த்து டர்ஹம் பிராந்தியம் உருவானது. தண்ணீர், கழிவுநீர், பொலிஸ் எல்லாம் பிராந்தியத்தின் கைக்குப் போயின. பஸ் மட்டும் போகவில்லை. ஏஜாக்ஸும் பிக்கரிங்கும் 2001 இல் தங்கள் பஸ் சேவைகளைச் சேர்த்துக்கொண்டன. ஒஷாவா, விட்பி, கிளாரிங்ரன் உட்பட எல்லாம் ஒன்றாகி டர்ஹம் ரிஜன் ட்ரான்சிற் பிறந்தது 2006 ஜனவரி 1 இல். இடையில் முப்பத்திரண்டு வருடங்கள்! இலங்கையில் எத்தனையோ தனியார் பஸ் கொம்பனிகளை ஒரே நாளில், 1958 ஜனவரி 1 இல், அரசு பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபை ஆக்கியது. அது சரியா பிழையா என்ற விவாதம் வேறு. ஆனால் பருத்தித்துறையில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்குகிறவர் நடுவில் நகரசபை எல்லை வந்துவிட்டதே என்று இன்னொரு பஸ்ஸுக்கு இறங்கி நின்றதில்லை.

அந்தப் பழைய எல்லைகளை இன்றும் பஸ் இலக்கங்களில் பார்க்கலாம். நூறுகளில் தொடங்கினால் பிக்கரிங், இருநூறுகள் ஏஜாக்ஸ், முந்நூறுகள் விட்பி, நானூறுகள் ஒஷாவா, ஐந்நூறுகள் கிளாரிங்ரன். எல்லை தாண்டி ஓடுவதற்கும் முக்கிய வீதிகளுக்கும் தொளாயிரம். சிம்கோ வீதி பஸ் முன்பு 401 என்ற இலக்கத்தில் ஓடியது. நெடுஞ்சாலைக்கும் அதே இலக்கம், புதிதாக வந்தவர்களைக் குழப்புவதற்கென்றே வைத்தது போல.

2013 ஜூன் மாத இறுதியில் ‘பல்ஸ்’ என்ற பெயரோடு 900 வந்தது. ஒஷாவாவிலிருந்து ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் வரை, அடிக்கடி ஓடுகிற, குறைந்த தரிப்புகளுள்ள பஸ். டர்ஹம் பஸ் வரலாற்றில் இதைத்தான் நான் பெரிய திருப்பம் என்பேன். வெல்லரின் குதிரை வண்டிக்குப் பிறகு அந்த வீதியை ஒரே வீதியாக நினைத்த ஆட்கள் குறைவு. ஆனாலும் ஒரு எல்லை மிச்சம் இருந்தது. ரொறன்ரோவுக்குள் உள்ளூர்ப் பயணிகளை ஏற்றி இறக்குவது ரொறன்ரோ நகரப் போக்குவரத்து நிறுவனமான ரி.ரி.சி.யின் தனியுரிமையாக இருந்தது. 900 இல் வந்து ரி.ரி.சி. பஸ்ஸுக்கு மாறினால் இன்னொரு முழுக் கட்டணம். ஏஜாக்ஸில் வீடு, ஸ்காபரோவில் வேலை என்று இருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இது மாதச் செலவில் கடித்த விசயம். 2024 பெப்ரவரி 26 இல் ஒன்ராறியோ அரசு ஒரே கட்டணத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த இரட்டைக் கட்டணம் போனது.

இதற்கு நடுவே 2020. முந்திய வருடத்துக் கடைசியில் ஜி.எம். ஒஷாவாவில் கார் பொருத்துவதை நிறுத்தியிருந்தது. மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. செப்ரெம்பரில் டர்ஹம் தன் முழு வலையமைப்பையும் மாற்றி வரைந்தது. முக்கிய வீதிகளில் தொளாயிரங்கள் வந்தன: சிம்கோவுக்கு 901, கிங் வீதியில் போமன்வில்லுக்கு 902. ஆள் குறைந்த தடங்கள் பல நிறுத்தப்பட்டு, அழைத்தால் வருகிற ‘ஒன் டிமாண்ட்’ வண்டி வந்தது. கைப்பேசியில் பதிந்தால் சின்ன பஸ் ஒன்று தேடி வரும்.

புதுமை என்று விளம்பரப்படுத்தினார்கள். ஆனால் இதே டர்ஹம் பகுதியில், பிக்கரிங் பே றிட்ஜசில், 1970 ஜூலையிலேயே கோ நிறுவனம் ‘டயல் எ பஸ்’ என்று நடத்தியிருக்கிறது. வீட்டுத் தொலைபேசியில் அழைத்தால் வாசலுக்கு வந்து ஏற்றி ரயில் நிலையத்தில் விடும். வட அமெரிக்காவின் ஆரம்பப் பரிசோதனைகளில் அதுவும் ஒன்று. வடக்கே அக்ஸ்பிரிஜ், புறொக் போன்ற பண்ணைப் பகுதிகளுக்கு இந்த ஏற்பாடு நல்லது என்பது என் கருத்து, அங்கே வெறும் பஸ் ஓட்டுவதில் அர்த்தமில்லை. இரவு ஷிப்ட் முடிந்து களஞ்சியச் சாலையிலிருந்து வீடு போகிறவருக்கோ, வண்டி வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட நேரம் தெரிந்த பஸ் ஒன்றுதான் மேல்.

இனி வரப்போவதைப் பற்றி. ஒஷாவா நகர மையத்திலிருந்து ஸ்காபரோ மையம் வரை, சுமார் 36 கிலோமீற்றருக்கு, பஸ்ஸுக்கென்று தனிப் பாதைகள் போடும் திட்டம் ஒன்று இருக்கிறது. சில துண்டுகள் ஏற்கெனவே போடப்பட்டுவிட்டன. இன்னொன்று, கோ ரயிலை போமன்வில் வரை நீட்டும் திட்டம். அதில் ஒஷாவாவுக்குள் வரும் புதிய நிலையங்களில் ஒன்று ரிட்சன் வீதிப் பக்கம். பழைய கிராண்ட் ட்ரங்க் பாதையை விட்டு, அதற்கு வடக்கே உள்ள பசிபிக் ரயில் பாதையில் அது அமையும். அங்கிருந்து நாற்சந்திக்குக் கால்நடையாகவே போய்விடலாம். அது திறந்தால், ரயிலுக்கு ஆள் ஏற்றுவதற்கென்றே தெற்கே போய்வருகிற பஸ்களில் எவை மிஞ்சும், எவை திரும்பும் என்று டர்ஹம் மறுபடியும் வரைபடத்தை விரிக்கவேண்டி வரும்.