சீமைப் படிப்பும் நம் தெரிவும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிரித்தானியப் படிப்பு வன்னி மக்கள் அறியாததன்று. 1947இல் வவுனியாத் தொகுதி பாராளுமன்றத்துக்குத் தெரிந்தனுப்பிய சி. சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்டிலே பேலியல் கல்லூரியிற் பயின்றவர். கொழும்பிற் கணிதப் பேராசிரியராக இருந்தவர். சி. ஜே. எலியேசர் கேம்பிரிஜ்ஜிலே டிராக் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்து, திரும்பிவந்து இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பித்தார். இருவருக்கும் பெருமை தந்தது கற்ற பாடமே, கப்பலேறியது அன்று.

கப்பலேறாமலே இலண்டன் பட்டம் பெற்றவர்களும் பலர். 1921இல் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 வரை இலண்டன் பட்டப் பரீட்சைக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. இன்று நம் வாசலிலே 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. ஆகவே, நாம் விரும்பும் படிப்பு இங்கே உண்டா என்பதே முதற் கேள்வி.

இல்லையெனின், தாராளமாகப் போகலாம். ஆனால் ஆழமறியாமற் காலை இடலாகாது. முகவர் பலருக்கு அங்குள்ள பல்கலைக்கழகமே தரகு கொடுக்கின்றது. அவர் காட்டும் இடம் நமக்கு ஏற்றதா என்பதை நாமே ஆராய வேண்டும். அந்தப் பட்டத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா? பாடத்திட்டம் என்ன? கற்பிப்பவர் யார்? அங்கே படிக்கும் நம்மவர் என்ன சொல்கின்றனர்? இவற்றை அறிந்த பின்பே பணத்தைக் கட்ட வேண்டும்.

அடுத்தது பணம். விசாவுக்காக, கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் வங்கியிலே தொடர்ந்து 28 நாள் வைத்துக் காட்ட வேண்டும். சிலர் வட்டிக்கு வாங்கிக் காட்டிவிட்டு உடனே திருப்பிக் கொடுக்கின்றனர். போன பிள்ளை அங்கே வெறுங்கையுடன் நிற்கின்றது. பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கு உதவலாம். கட்டணத்துக்கும் கடனுக்கும் போதாது. 2024 முதல், ஆராய்ச்சி மாணவர் நீங்கலாகப் பெரும்பாலோர் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்லவும் இயலாது.

முதுமாணிப் படிப்பு அங்கே பெரும்பாலும் ஓராண்டே. மார்கழியிலே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். குளிருக்கும் தனிமைக்கும் பழகுமுன்னே கட்டுரைகள் கேட்கப்படும். மனனஞ் செய்து எழுதினாற் போதாது. நம் கருத்தைக் காரணத்தோடு நாட்ட வேண்டும். பிறர் எழுத்தைச் சொல்லாமல் எடுத்தாள்வது பெருங் குற்றம். இவற்றுக்கு இங்கிருந்தே பழகிப் போகிறவர் தளரார். கொமன்வெல்த், செவனிங் முதலிய புலமைப்பரிசில்களுக்கு முயல்வதும் நம் கடன்.

பெரியோர்களே, 'அவன் பிள்ளை இலண்டன் போய்விட்டான்' என்ற பேச்சுக்காகக் குளத்துக்குக் கீழுள்ள வயலை ஈடு வைக்காதீர்கள். யுத்தத்தில் எல்லாம் இழந்து மீண்டும் உழுத நிலம் அது. தக்க படிப்புக்காக அதை ஈடு வைத்தால் மீட்க வழியுண்டு. ஊராரின் மெச்சுதலுக்காக வைத்தால் மீளாது. இளைஞர்களே, வீட்டாரிடம் முழுக் கணக்கையும் மறையாமற் சொல்லுங்கள். இங்கே கிடையாத கல்வியைத் தேடிப் போங்கள். கற்றதன் பயனிற் பங்கு இந்த மண்ணுக்கும் உண்டு என்பதை மறவாதீர்கள்.