ஆணா பெண்ணா? தாய்மேல் பழி வேண்டாம்!

(குடும்ப நலக் கூட்டத்தில் கணவன் மனைவியரிடையே ஆற்றிய உரை)



வயல் வேலையை முடித்து, அடுப்பு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. "அவளுக்கு மூணும் பொம்பளப் புள்ளதான். அவ வயித்துல ஆம்பளப் புள்ள தங்காது!" இதை மாமியார் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள், சில சமயம் கட்டிய கணவனும் சேர்ந்து சொல்கிறான். "இன்னொருத்தியைக் கட்டிக்கப்பா" என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள். பெற்றவளோ, பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகாதவள், பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். இந்தப் பேச்சு உண்மைதானா? இன்றைக்கு அதைப் பார்த்துவிடுவோம்.

தாயின் முட்டையும் தந்தையின் விந்தணுவும்

நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். மனிதருக்கு அவை மொத்தம் 46, அதாவது 23 ஜோடி. இதில் 22 ஜோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி. இருபத்து மூன்றாவது ஜோடியில்தான் வித்தியாசம். பெண்ணுக்கு அந்த ஜோடி எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய்.

தாயின் சினைமுட்டைக்கு ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று போகிறது. அவளிடம் இருப்பது இரண்டும் எக்ஸ். ஆகவே எந்த முட்டையை எடுத்தாலும் அதில் எக்ஸ்தான் இருக்கும். தந்தையின் விந்தணுக்களிலோ பாதியில் எக்ஸ், மறு பாதியில் ஒய். எக்ஸ் உள்ள விந்தணு முட்டையோடு சேர்ந்தால் பெண் குழந்தை. ஒய் உள்ளது சேர்ந்தால் ஆண் குழந்தை. ஒய் என்பது தாயிடம் இல்லவே இல்லை. இல்லாத பொருளை அவள் எங்கிருந்து கொடுப்பாள்? சொல்லுங்கள் பார்ப்போம்!

இது நேற்று யாரோ சொன்ன கதையல்ல. 1905-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, மாவில் உண்டாகும் ஒருவகைப் புழுவை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். ஆண் பூச்சியின் விந்தணுக்கள் இரண்டு வகை, பெண் பூச்சியின் முட்டைகள் ஒரே வகை என்று கண்டார். அதே ஆண்டு எட்மண்ட் வில்சன் என்பவரும் தனியே ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார். அதுவரை படித்தவர்களில்கூடப் பலர், கருவுற்ற தாய் சாப்பிடும் சாப்பாடும் உடம்புச் சூடும்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

முதல் ஆறு வாரம் வரை, கரு ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் உருவத்தில் வேறுபாடே கிடையாது. விதைப்பையாகவோ சினைப்பையாகவோ ஆகக்கூடிய ஒரே மாதிரியான சுரப்பிதான் இரண்டுக்கும் இருக்கும். ஒய் குரோமோசோமில் எஸ்.ஆர்.ஒய். என்ற ஒரு சின்ன மரபணு இருக்கிறது. ஏறக்குறைய ஏழாவது வாரத்தில் அது "ஆணாக வளர்" என்று சைகை கொடுக்கிறது. சுரப்பி விதையாக மாறுகிறது. விதையிலிருந்து சுரக்கும் நீர்களில் ஒன்று ஆண் உறுப்புகளை வளர்க்கிறது. இன்னொன்று கருப்பையாக வளர இருந்த குழாயைக் கரைத்துவிடுகிறது. அந்தச் சைகை வராத கருவில் வேறு சில மரபணுக்கள் வேலை செய்து சினைப்பையை உண்டாக்குகின்றன. கருப்பையும் வளர்கிறது. பெண் என்பவள் குறைப்பட்டுப் போன ஆண் அல்ல. அவளை உருவாக்கவும் தனி ஏற்பாடு இருக்கிறது.

இந்த மரபணுவை 1990-ஆம் ஆண்டு லண்டன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே, பெண்ணாகப் பிறக்க வேண்டிய எலிக் கருவில் அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த எலி விதையோடு ஆணாக வளர்ந்தது. ஆனால் குட்டி போட வைக்கும் சக்தி அதற்கு இல்லை. முழு ஆணாக ஒய்யில் உள்ள மற்ற மரபணுக்களும் வேண்டியிருக்கிறது.

நம் தொழுவத்தைப் பாருங்கள்

மாடு, ஆடு, நாய், பூனை எல்லாவற்றுக்கும் நம்மைப் போலவே எக்ஸ், ஒய் கணக்குத்தான். கோழிக்கு மட்டும் நேர் எதிர். அங்கே இரண்டு வகை முட்டை பெட்டைக் கோழியிடம் இருக்கிறது. சேவலா பெட்டையா என்பது தாயால் அமைகிறது. கோழிக்குச் சொல்ல வேண்டியதை நாம் மனுஷிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

பசு ஈன்ற இரட்டைக் கன்றில் ஒன்று காளை, ஒன்று கிடாரி என்றால், அந்தக் கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது. மாடு வளர்ப்பவர்கள் சிலர் இதைக் கண்டிருப்பீர்கள். வயிற்றுக்குள் இரண்டு கன்றுக்கும் இரத்த ஓட்டம் கலந்துவிடுவதால், காளைக் கன்றின் சுரப்பு நீர் கிடாரியின் உறுப்புகள் வளரவிடாமல் செய்துவிடுகிறது. மனித இரட்டையரில் அப்படி ஆவதில்லை. பயப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிடாரிக் கன்றே பிறக்க வேண்டும் என்று இந்தக் காலத்தில் சினை ஊசி போடுகிறார்களே, அதற்கு என்ன செய்கிறார்கள்? பசுவுக்கு மருந்து கொடுத்து அதை மாற்றுவதில்லை. காளையின் விந்தைத்தான் எக்ஸ் தனி, ஒய் தனி என்று பிரிக்கிறார்கள். மாட்டு வைத்தியருக்குத் தெரிந்த இந்த உண்மை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுபவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

அப்படியானால் தகப்பன் மேல் குற்றமா?

அதுவும் இல்லை. எந்த விந்தணு முந்திக்கொண்டு முட்டையைச் சேரும் என்பது அவர் கையில் இல்லை. அது பூவா தலையா போடுவது மாதிரி. மூன்று முறை பூ விழுந்ததால் நாலாவது முறை தலை விழுந்தே தீர வேண்டும் என்று விதி உண்டா? ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதிதான். மூன்று பிள்ளை பெற்ற எட்டுக் குடும்பங்களை எடுத்தால், ஏறக்குறைய ஒரு குடும்பத்தில் மூன்றும் பெண்ணாக இருக்கும். வேறொரு குடும்பத்தில் மூன்றும் ஆணாக இருக்கும். இதில் சாபமும் இல்லை, தோஷமும் இல்லை. இரண்டாவது கல்யாணம் செய்தாலும் அதே பூவா தலையாதான்.

"மனைவி நிலம், கணவன் விதை" என்றும் சிலர் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. விதையில் பாதி தாயினுடையது. பிள்ளையின் 46 குரோமோசோமில் 23 அவள் கொடுத்தது. மகளானாலும் மகனானாலும் அது இருவரின் பிள்ளை.

சில சந்தேகங்கள்

"குங்குமப்பூ, பச்சிலை மருந்து சாப்பிட்டால் ஆண் பிறக்குமா?" பிறக்காது. தலைக்குளிக்காமல் நாள் தள்ளிப்போனது உங்களுக்குத் தெரியும் முன்பே அது முடிவாகிவிட்டது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்து வளரும் கருவைக் கெடுக்கலாம்.

"வயிறு கூராக இருந்தால் ஆண் என்கிறார்களே?" வயிற்றின் அமைப்பு தாயின் உடல்வாகையும் குழந்தை படுத்திருக்கும் விதத்தையும் பொறுத்தது.

"ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிடலாமே?" கூடாது. ஸ்கேன் எடுப்பது பிள்ளையின் நலம் பார்க்க. ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதும், சொல்லச் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொல்பவருக்கும், அதற்காகக் கூட்டிக்கொண்டு போகும் கணவன், உறவினருக்கும் சிறையும் அபராதமும் உண்டு. கருவிலேயே பெண்ணை அழித்ததன் பலனைப் பாருங்கள். நம் நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1961-இல் 976 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011-இல் அது 918 ஆகிவிட்டது.

"ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபடி பிள்ளை பிறந்தால்?" அபூர்வமாக அப்படி நேர்வதுண்டு. இந்த மரபணுக்களிலோ சுரப்பு நீர்களிலோ ஏற்படும் மாறுதல்தான் காரணம். பெற்றவர் செய்த பாவம் அல்ல. பிள்ளையை மறைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். அவசரப்பட்டு அறுவை செய்துவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அப்படிச் செய்வதைத் தமிழ்நாட்டில் 2019-இல் தடை செய்துவிட்டார்கள்.

முடிவாக ஒரு வார்த்தை

ஆண் பிள்ளை வேண்டும் என்று அடுத்தடுத்து பெறும்போது தேய்வது தாயின் உடம்பு. இரத்தச் சோகையோடு நாலாவது, ஐந்தாவது பிரசவத்துக்கு வருபவளுக்கு இரத்தப் போக்கு ஏற்பட்டால், வீட்டில் இருக்கும் மூன்று பெண் குழந்தைகளுக்கு யார் தாய்? அதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டும் பெண்ணா? நல்லது. நன்றாகப் படிக்க வையுங்கள். சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறக்காதீர்கள். இனிப் பிள்ளை போதும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்தால், அதற்கான முறைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கின்றன. மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை, அறுவை எதுவானாலும் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். தந்தைமார்களே, ஆண்களுக்கான அறுவை பெண்களுக்கானதைவிட எளிது. அதனால் உழைக்கும் பலமும் குறையாது, ஆண்மையும் குறையாது. ஆனால் முதல் மூன்று மாதம் ஆணுறை உபயோகிக்க வேண்டும். பிறகு விந்துவைப் பரிசோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் மாமியாரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் வாதம் ஆகிவிடும். மகன் சொல்லட்டும். "அம்மா, அவ மேல குத்தம் இல்ல. ஒய் அவகிட்ட கிடையாது" என்று அவன் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள் திரும்பிப் பார்ப்பாள்.