ஆற்றோரம் ஆறு பேர்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நாற்பதைக் கடந்த பெண்களின் உடல்நலம்" என்று தலைப்புத் தந்தார்கள். அந்தத் தலைப்பில் நல்ல பிரசங்கம் ஒன்று எங்களிடம் ஆயத்தமாகவே இருக்கிறது. கிளினிக்கில் நாள்தோறும் அதைத்தான் சொல்கிறோம். கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆகவே இன்று அதை விட்டுவிட்டு, எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஆறு பேர் போன கோடையில் ஜேர்மனியில் ஆறு நாள் சைக்கிள் ஓடிய கதையைச் சொல்லப் போகிறோம். உடல்நலம் அதற்குள் வரும். கொஞ்சம் வெட்கத்தோடுதான் வரும்.

எங்கள் வகுப்பு 1990களில் இந்தக் கல்லூரியில் படித்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, யாழ்தேவி 1990உடன் நின்று போனது. சைக்கிள்தான் பஸ், சைக்கிள்தான் அம்புலன்ஸ். இரவில் அதைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினால் டைனமோவில் வானொலி பேசும். ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. ரியூசன் முடிந்து மழையில் நனைந்து வீடு போய்ச் சேர்வதை நாங்கள் உடற்பயிற்சி என்று நினைத்ததே இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு அந்தச் சைக்கிள்களில் அரிசி மூட்டையும் உடுப்பும் ஓ.எல். புத்தகங்களும் ஏற்றினோம். ஒருத்தியின் கரியரில் அவளுடைய அம்மம்மா. அன்று யாரும் ஓடவில்லை. சனக்கூட்டத்துக்குள் உருட்டிக்கொண்டுதான் தென்மராட்சிக்குப் போனோம்.

அதற்குப் பிறகு எங்களில் பலர் சைக்கிளைத் தொடவில்லை. வெளியே போனவர்கள் கார் வாங்கினோம், ஊரில் இருந்தவர்கள் ஸ்கூட்டி வாங்கினோம்.

நூற்றாண்டு வருகிறது, எங்கேயாவது கூடுவோம் என்று வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தபோது, பலர் சொன்னது மண்டபம், பட்டுச்சேலை, பஃபே. ஜேர்மனியில் இருப்பவள்தான், "மோசல் ஆத்தங்கரைக்கு வாங்கோ, சைக்கிள் ஓடுவம்" என்றாள். சிரித்தவர்கள் பலர். முழங்கால் நோகும், பிள்ளையள் பகிடி பண்ணுவினம், இந்த வயதில் விழுந்தால் யார் பார்ப்பது என்று சொன்னவர்களும் பலர். கடைசியில் மிஞ்சியது ஆறு பேர்: ஜேர்மனி, பாரிஸ், ரொறன்ரோவிலிருந்து ஒவ்வொருவர், லண்டனிலிருந்து இருவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர். இந்த அறுவரில் இருவர் வைத்தியர்கள். இதை நினைவில் வைத்திருங்கள்.

பாதையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலைநாட்டில் சைக்கிள் என்றதும் மூச்சு வாங்கும் ஏற்றம்தான் எல்லோர் மனதிலும் வரும். யாழ்ப்பாணத்துச் சமதரையில் பழகிய எங்களுக்கு மேம்பாலமே மலை. ஆனால் மலைநாட்டிலும் சாய்வு குறைந்த வழிகள் இரண்டு உண்டு. ஒன்று ஆற்றங்கரை. மற்றது பழைய ரயில் பாதை. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. எனவே அந்தக் காலப் பொறியியலாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே உயர்ந்த பாலம் கட்டியும் பாதையை மெல்ல மெல்லத்தான் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். ரயில் நின்றுபோன பிறகு அந்தத் தண்டவாளத்தைக் கழற்றித் தார் போட்டால், எங்களைப் போன்றவர்களுக்கென்றே போட்ட பாதை கிடைத்துவிடுகிறது.

ஐஃபெல் மலைப்பகுதியில் டாவுன் என்ற சிற்றூரிலிருந்து மோசல் கரையிலுள்ள பேர்ன்காஸ்ரெல்-கூஸ் வரை அப்படியொரு பாதை இருக்கிறது, 58 கிலோமீற்றர். தொடக்கத்தில் சிறிய ஏற்றம். பிறகு அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம், பழைய எரிமலை வாய்களில் நீர் தேங்கி உண்டான வட்டக் குளங்கள், காடு, வயல். அதன் பின் பெரும்பகுதி இறக்கம். கீழே தங்கியிருப்பவர்களைச் சைக்கிளோடு மேலே கொண்டுபோய் விடும் பஸ்ஸும் உண்டு. சைக்கிள்களுக்குப் பின்னால் தனி இழுவை வண்டி, முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அதை நாங்கள் இரண்டு நாளாகப் பிரித்து ஓடினோம். அதை ஒரே நாளில் ஓடி முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு எங்கள் வாழ்த்துகள்.

பேர்ன்காஸ்ரெலிலிருந்து கொப்லென்ஸ் வரை ஆற்றோரமாக ஏறத்தாழ 130 கிலோமீற்றர். மோசல் பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து 544 கிலோமீற்றர் ஓடி றைன் நதியில் சேர்கிறது. அவசரம் இல்லாத ஆறு. ட்ரியருக்கும் கொப்லென்ஸுக்கும் இடையில் நேர்கோட்டில் 100 கிலோமீற்றர்கூட இல்லை, ஆனால் இது வளைந்து வளைந்து 190 கிலோமீற்றர் அளவு ஓடுகிறது. அணைகளும் நீர்க்கதவுகளும் கட்டி 1964இல் கப்பல் பாதையாகத் திறந்ததால் தண்ணீர் குளம்போல் கிடக்கிறது. இரு கரையிலும் சுவர் போன்ற சாய்வுகளில் திராட்சை. அங்கே மண் என்று காலடியில் நொறுங்குவது எங்கள் அம்மாமார் அரிவரியில் எழுதிய சிலேற்றின் கல். அது பகல் வெயிலைச் சேமித்து இரவில் திராட்சைக்குக் கொடுக்கிறது. பல ஊர்களில் வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்தை ஆண்டோடு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் எங்கள் தலைக்கு மேலே இருந்தன.

பேர்ன்காஸ்ரெலில் எதிர்க்கரையில் ஒரு பழைய தர்ம இல்லம் இருக்கிறது. கூஸ் ஊரில் பிறந்த கர்தினால் நிக்கலஸ், 50 வயதைக் கடந்த 33 ஏழை ஆண்களைப் பராமரிக்கவென 15ஆம் நூற்றாண்டில் நிறுவியது. இன்றும் முதியோர் இல்லமாக நடக்கிறது. "எங்களுக்கு இன்னும் வயசு வரேல்லை" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினோம்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஆற்றை விட்டுச் சற்று மேலே ஏறி, ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த மரியன்பேர்க் குன்றுக்குப் போகத் திட்டம். அங்கே ஆறு பல கிலோமீற்றர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வருகிறது. குன்றின் இரு புறமும் ஒரே ஆறு தெரியும். பாதி ஏற்றத்தில், கல்லூரியின் வலைப்பந்தாட்ட அணித் தலைவியாக இருந்தவள் சைக்கிளை இடமும் வலமுமாக ஓட்டத் தொடங்கினாள். "தலைவிக்குக் காத்துப் போட்டுது" என்று பகிடி பண்ணினோம். இறங்கி நின்று எங்கள் மேல் எரிந்து விழுந்தாள். முகமெல்லாம் வியர்வை, விரல்கள் நடுங்கின. பிறகு, "அம்மா படலையைத் திறக்கேல்லை" என்றாள். அவளுடைய அம்மா இறந்து பல வருடம்.

அப்போதுதான் வைத்தியர்கள் இருவருக்கும் புத்தி வந்தது. இரத்தச் சீனி விழுந்திருக்கிறது. அளக்கும் கருவி பின்பையில் உடுப்புகளுக்கு அடியில். தேடிக்கொண்டு நிற்கவில்லை. ஒருத்தி அப்பிள் சாறு நீட்டினாள், அவளுக்கு விழுங்க முடிந்தது, கொடுத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் பனங்கட்டியை உடைத்துக் கையில் வைத்தாள். கால்மணி நேரத்துக்குப் பிறகு அவள் நிமிர்ந்து பார்த்து, "ஏன் எல்லாரும் என்னையே பாக்கிறியள்?" என்றாள். அதன் பிறகு அளந்தபோதும் சீனி குறைவாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் கொடுத்தோம்.

அவளுக்கு ஒன்பது வருடமாக நீரிழிவு. கிளிக்கிளசைட் குளிசை எடுக்கிறாள். அன்று வெள்ளி விரதம். காலையில் குளிசையைப் போட்டுவிட்டு வெறும் கோப்பியோடு புறப்பட்டிருக்கிறாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. தலைக்கவசம், மழைக்கோட்டு, ஒட்டுப்பெட்டி என்று எல்லோருக்கும் பட்டியல் அனுப்பிய நாங்கள், "என்ன மருந்து எடுக்கிறாய்?" என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத நோயாளியிடம் முதலில் கேட்கும் கேள்வி அது. கூடப் படித்தவளிடம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அவள் அந்த ஏற்றத்திலிருந்து இறங்கும்போது மயங்கியிருந்தால் இந்த உரை வேறு விதமாக இருந்திருக்கும்.

அன்றிரவு விடுதியில் அவள் சொன்னாள்: "நான்தான் வகுப்பிலை நல்லா ஓடினவள். எனக்கு வருத்தம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு இன்னொருத்தி தன் பையைத் திறந்து மெற்ஃபோமினை மேசையில் வைத்தாள். அடுத்தவள் இரத்த அழுத்தக் குளிசை. அடுத்தவள், கர்ப்பகாலத்தில் சீனி இருந்தது, பிறகு பரிசோதிக்கவே இல்லை என்றாள், பிள்ளைக்கு இப்போது பதினாறு வயது. வைத்தியர்களில் ஒருவரும் தன் குளிசையை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. யார் என்று இங்கே சொல்லத் தேவையில்லை.

ஓட ஆசைப்படும் உங்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். உடற்பயிற்சியில் தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்கின்றன. அந்த விளைவு இரவு வரையும் நீடிக்கலாம். மெற்ஃபோமின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி அபாயமாக விழுவது அரிது. கிளிக்கிளசைட் போன்றவையும் இன்சுலினும் அப்படியல்ல. நீண்ட ஓட்டத்துக்கு முன் அளவைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். சீனி, பழச்சாறு, அளக்கும் கருவி மூன்றும் ஹாண்டிலில் தொங்கும் முன்பையில் இருக்க வேண்டும். வேலை செய்யும் வேகத்தில் பனங்கட்டியைவிடச் சாறு நல்லது. ஆனால் அன்று பனங்கட்டியைக் கண்டதும் அவள் கண் கலங்கியதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை.

முழங்கால் நோகுது என்பவர்களில் பலருக்குச் சீற் பதிவாக இருப்பதுதான் காரணம். குதிக்காலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பாரமான கியரில் மிதிக்காதீர்கள், லேசான கியரில் விரைவாகச் சுற்றுங்கள். கை விறைத்தால் பிடியை மாற்றுங்கள். மின்சார சைக்கிளை வெட்கப்படாமல் எடுங்கள். ஐரோப்பாவில் அதன் மோட்டார் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் உதவாது, மீதிக்கு உங்கள் கால்கள்தான்.

வலைப்பந்தாட்டத் தலைவி வீடு திரும்பவில்லை. அடுத்த நாள் காலையில் முட்டையும் பாணும் சாப்பிட்டு, தன் வைத்தியரோடு தொலைபேசியில் பேசிவிட்டு, கடைசி இரண்டு நாளும் எங்களுக்கு முன்னால் ஓடினாள். கொப்லென்ஸில் மோசல் றைனோடு சேரும் முனையில் நின்று படம் எடுத்தோம். அது இம்மலரில் எங்கள் வகுப்பின் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த ஓட்டம் இங்கேதான். விழா முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, கல்லூரி வாசலிலிருந்து நாவற்குழிப் பாலம் தாண்டி, அன்று உருட்டிக்கொண்டு போன வழியால். சைக்கிள் இல்லாதவர்களுக்கு நாங்கள் ஒழுங்கு செய்திருக்கிறோம். பெயர் கொடுக்கும் படிவம் தேநீர் மேசையில் இருக்கிறது. முதலாவது கேள்வி, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பது. வைத்தியர்கள் இருவரும் ஏற்கெனவே நிரப்பிவிட்டோம்.