துண்டும் கடிதமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கடைகளிலே தொழில் செய்வோருக்குரிய சட்டங்களைப் பற்றிப் பேசும்படி மன்றத்தார் எம்மைப் பணித்தார்கள். சட்டம் என்றவுடனே வழக்கும் நீதிமன்றமுந்தான் பலருக்கு நினைவு வரும். நாம் இங்கு வந்தது வழக்காடக் கற்பிக்க அன்று. வழக்கு வாராமற் காக்கும் வழியைக் கூறவே வந்தோம்.

மாத்தளைப் புகையிரதப் பாதையிலே அமைந்த நம் வத்தேகம, தோட்டங்களின் நடுவே வளர்ந்த கடைவீதியாகும். பன்விலை, மடுல்கலைப் பகுதி மக்கள் சாமான் வாங்க இங்கே வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளிற் பலர் படிப்பு முடிந்ததும் இங்கும், கண்டியிலும், கொழும்பிலும் கடைச் சிப்பந்திகளாகச் சேருகிறார்கள். ஆகவே இந்தச் சட்டம் நம்மில் ஒரு சாராருக்கு முதலாளி என்ற முறையிலும், மறு சாராருக்குத் தொழிலாளி என்ற முறையிலும் உரியதாகும்.

நம் முன்னோரின் சரித்திரத்திலே ஒரு தாள் உண்டு. அதற்குத் 'துண்டு' என்று பெயர். கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டத்தார் எழுதிக் கொடுப்பது அது. அடுத்த தோட்டத்தார் அக்கடனைக் கட்டி ஆட்களை எடுப்பர். கடனோ தொழிலாளியின் தலையைவிட்டு இறங்காது. 1921இல் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. நம்மைக் கட்டிய தாள் அது. நம்மைக் காக்கும் தாள் ஒன்றும் உண்டு. அதுதான் நியமனக் கடிதம்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது. வேலைக்குச் சேரும்போதே பதவி, சம்பளம், படிகள், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றை எழுத்தில் கொடுத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 8 மணி நேரமும், வாரத்துக்கு 45 மணி நேரமுமே வேலை. அதற்கு மேற்பட்டால் ஒன்றரை மடங்கு கூலி. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. ஓராண்டு முடிந்தபின் 14 நாள் வருடாந்த விடுமுறை. இவை எவரும் இரங்கிக் கொடுக்கும் தானம் அல்ல.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றின் பிள்ளை வெளியூரில் ஒரு கடையிலே ஒன்பது ஆண்டுகள் உழைத்தான். உணவும் படுக்கையும் கடையிலேயே. சம்பளம் முதலாளியின் கையிலிருந்து கிடைத்தது. கடிதமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. முதலாளி காலமானார். கடை கைமாறியது. வந்தவர், "உன்னை நான் அறியேன்" என்றார். ஒன்பது ஆண்டு உழைப்புக்குச் சாட்சி சொல்ல ஒரு தாளும் இல்லை! பழைய முதலாளி கெட்டவர் அல்லர். தீபாவளிக்கு வேட்டியும், தங்கை கல்யாணத்துக்குப் பணமும் கொடுத்தவரே. அவருடைய நன்மை அவரோடு போயிற்று. எழுதி வைத்திருந்தால் அவருக்குப் பின்னும் நின்றிருக்குமன்றோ?

அவன் இழந்தது எவ்வளவு என்பதை இன்றைய கணக்கிலே பார்ப்போம். 2016இல் 10,000 ரூபாவாக விதிக்கப்பட்ட தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும், முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். 30,000 ரூபாவுக்கு அது மாதம் 6,000 ரூபா. ஒன்பது ஆண்டில் வட்டியின்றியே 648,000 ரூபா! 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி செலுத்தும் 3 வீதம் வேறு. ஏழைக் குடும்பத்துக்கு இது ஒரு வீட்டின் அத்திவாரமாகும்.

"எமது கடை சிறியது, இரண்டு பேர்தாம் வேலை செய்கிறார்கள்" என்று சில பெரியோர் கூறக்கூடும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்குக் குறையாத இடங்களுக்கே உரியது என்பது உண்மை. ஐந்தாண்டு சேவை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் அது கொடுக்கிறது. ஆனால் சேமலாப நிதிக்கு ஒரே ஒரு சிப்பந்தி இருந்தாலும் போதும். அடுத்த மாத முடிவுக்குள் கட்டத் தவறினால் 5 வீதத்தில் தொடங்கும் மேலதிகக் கட்டணம், ஓராண்டு கடந்தால் 50 வீதமாக ஏறிவிடும். பத்தாண்டுப் பாக்கி ஒரே நாளில் வந்து நின்றால் சிறிய கடை தாங்குமா? மாதந்தோறும் கட்டுவது சுமை. கட்டாமல் விடுவதோ முழுகுவதற்கு வழி. சம்பளமும் விடுமுறையும் ஒழுங்காகக் கொடுத்த முதலாளிக்கும், பின்னொருநாள் பிணக்கு நேர்ந்தால், எழுதி வைத்த ஏடே சாட்சி.

பெற்றோருக்கும் ஒரு சொல். 2021இல் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அந்த வயது வருமுன் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். அவன் இடம் பள்ளிக்கூடம்.

இளைஞர்களே! வேலைக்குச் சேரும் நாளிலேயே, "ஐயா, நியமனக் கடிதம் ஒன்று தாருங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. குறை நேர்ந்தால் தொழில் திணைக்களக் காரியாலயத்தில் முறையிடலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாள் கடத்தினால் உரிமை போய்விடும்.

வர்த்தகப் பெரியோர்களே! புதுக்கணக்கு எழுதும் நாளில் பிள்ளையார் சுழியிட்டு ஏட்டைத் திறக்கிறீர்கள். அடுத்த புதுக்கணக்கின்போது, அதே பேனாவினாலே உங்கள் சிப்பந்திகளுக்குரிய கடிதங்களையும் எழுதிக் கொடுங்கள். எழுத உதவி தேவையென்றால் நம் மன்றத்து இளைஞர்கள் வருவார்கள். நம் பாட்டன்மாரைக் கட்டிய துண்டு போயிற்று; நம் பிள்ளைகளைக் காக்கும் கடிதம் வீடுதோறும் வரட்டும்.