ஹெரால்டுக்கு உப்புக் காத்து ஆகாது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பத்திப் பேசுங்கன்னு நேயர்கள் பல பேர் கேட்டிருந்தீங்க. ஃபெராரி பத்திப் பேச நமக்கு வக்கில்லை. எங்க தருவைகுளத்துல ஒரு ஓலைக் கொட்டகைக்குள்ள நிக்கிற ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பத்திப் பேசறேன்.

"ஹெரால்டு குடும்பக் காருதானே அண்ணாச்சி"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா உறவுமுறையைப் பாருங்க. இங்கிலாந்தில் 1959ல் வந்த டிரையம்ப் ஹெரால்டை வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அந்த வண்டியோட பாகங்களை வச்சு 1962ல் வந்த ஸ்பிட்ஃபயரையும் அவர்தான் வரைஞ்சார். ரெண்டே சீட்டு, திறந்த கூரை. இன்னைக்கும் சேகரிக்கிறவங்க தேடி அலையிற காரு. சென்னைப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961லேர்ந்து செஞ்ச நம்ம ஹெரால்டு, அதுக்கு அண்ணன் முறை. இங்கிலாந்துல இல்லாத நாலு கதவு ஹெரால்டும் பின்னாடி நம்ம ஊருல வந்துச்சு.

நான் போட் இன்ஜின் பாக்கிறவன். அடித்தட்டுக்குள்ள குனிஞ்சு, டீசல் வாடையில கையை மட்டும் நுழைச்சு வேலை செஞ்சே முதுகு போச்சு. ஹெரால்டுல பானெட்டும் ரெண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டா முன்பக்கமா சாயும். இன்ஜின் அப்படியே வெளிய தெரியும். முன் டயர் மேல உக்காந்துக்கிட்டே கார்புரேட்டரைக் கழட்டலாம்! வண்டி திரும்ப 25 அடி வட்டம் போதும். எங்க தெருவுலயே திருப்பிடலாம். எனக்கு இந்த வண்டி மேல பைத்தியம் பிடிச்சது வேகத்தால இல்ல, இதனாலதான்.

ஒரு குறையும் உண்டு. பின் சக்கரத்து ஆக்சில் ரெண்டும் தனித்தனியா ஆடும். வளைவுல வேகமாப் போய் சட்டுனு பிரேக் அடிச்சா, சக்கரம் உள்பக்கமா மடங்கப் பாக்கும். எட்டயபுரம் ரோட்டுல வித்தை காட்ட வேண்டாம்.

இப்ப விஷயத்துக்கு வாறேன். வண்டிக்காரப் பெரியவர்கிட்ட சென்னைலேர்ந்து ஒருத்தர் விலை கேட்டிருக்கார். "குடுத்துரவாலே?"ன்னு என்னையக் கேட்டார். நான் அடியில படுத்துப் பாத்தேன். ஹெரால்டுக்குத் தனி சேஸி; பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மேல மாட்டியிருப்பாங்க. சேஸிலேர்ந்து பக்கவாட்டுல நீளுற இரும்புக் கைகள்லதான் பாடி உக்காரும். அந்தக் கைகள் ரெண்டுல ஸ்க்ரூடிரைவர் உள்ள போயிருச்சு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். இரும்பு என்ன செய்யும்? மேல தார்ப்பாய் வேற போத்தி, ஈரத்தை உள்ளயே பூட்டி வச்சிருக்காங்க.

"தார்ப்பாயை இன்னைக்கே எடுங்க. அடியில நல்ல தண்ணி அடிச்சுக் காய விடுங்க. அந்தக் கைகளை வெட்டிப் புதுசா வெல்டு வைக்கணும். வாரம் ஒருநாளாவது ஓட்டணும். முடியும்னா வச்சுக்கோங்க. இல்லேன்னா இந்த மழைக்கு முன்னாடி குடுத்துருங்க"ன்னு சொன்னேன்.

பெரியவர் பதில் சொல்லல. மறுநாள் போனா, தார்ப்பாய் வேலியில காயுது. பேரன் ஹோஸ் பைப்பும் கையுமா நிக்கான்.