நீவிவிடும் கைக்கும் நிதானம் வேண்டும்

கேமரன் மலை கியா பார்ம் வட்டாரத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், கதிரியக்கச் சிகிச்சைக்கு மலையை விட்டு இறங்கித்தான் ஆகவேண்டும். வளைந்து வளைந்து போகும் அந்தச் சாலை நல்ல உடம்புக்காரருக்கே தலைசுற்றலைத் தரும். கீமோதெரபி முடிந்து குமட்டலோடு வீடு திரும்புகிறவர் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமா?

அவருக்கு வீட்டார் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் தள்ளி, இரண்டு நாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் சில நிமிடம் அழுத்திவிடலாம். சிலருக்குக் குமட்டல் தணியும். கால், பாதங்களை மென்மையாக நீவிவிட்டால் பதற்றமும் வலியும் குறையலாம். மெல்ல நீவுவதால் புற்றுநோய் பரவிவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

ஆனால், கட்டி உள்ள இடம், கதிர்பட்ட தோல், நோய் பரவிய எலும்பு ஆகியவற்றில் கை வைக்கக்கூடாது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் அழுத்திப் பிடிப்பது ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டாக இருக்கலாம். நீவாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நம் நாட்டில் 2007-இல் கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் பாரம்பரியச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. 2016-இல் இத்துறைக்குத் தனிச் சட்டமும் வந்தது. ஆகவே, மருத்துவரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

எண்ணெய்க் கை வேதனையைத் தணிக்கலாம், கட்டியைக் கரைக்காது. அதை நம்பிச் சிகிச்சைத் தேதியை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்!